சீமாட்டியும் பரிசலும்

ஒகேனக்கல் போகிற வழியில், பென்னாகரம் தாண்டி, மலை இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. கடை வாசலில் ஐந்து கான்டெஸா கார்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை, ஒரு மெரூன். ஐந்தாவது, பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவே ஏதோ ஒன்று. அந்த ஐந்தாவதில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவன் நான்.

பைக்கில் போய்க்கொண்டிருந்த இரண்டு பையன்கள் சடாரென்று பிரேக் போட்டார்கள். முன்னால் இருந்தவன் செல்போனை எடுத்துக்கொண்டு முதல் கறுப்புக் காரிடம் ஓடி வந்தான்.

“அண்ணா, இது மஸ்டாங்கா?”

கார் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். “அந்த மாதிரிதான் தம்பி” என்றார்.

பின்னால் இருந்தவன் மெதுவாக இறங்கி வந்து, பானட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “டேய், இது கான்டெஸாடா. எங்க தாத்தா ஓட்டுன வண்டி. சேலத்துல ஒரு மில் முதலாளிகிட்ட டிரைவரா இருந்தாரு.”

டாக்டரின் சிரிப்பு பாதியாகிவிட்டது. அந்தக் காரை இன்னதென்று சரியாகப் பெயர் சொல்லி அழைத்தவனைப் பார்த்து அதன் சொந்தக்காரர் முகம் சுளிக்கிறார்; தப்பாகச் சொன்னவனைப் பார்த்துப் பூரிக்கிறார். இந்த வாரம் நான் எழுத வந்தது அந்தப் பாதிச் சிரிப்பைப் பற்றித்தான்.

•

முதலில் அசலைப் பார்த்துவிடுவோம். ‘மஸில் கார்’ என்றால் என்ன? புஜபலக் கார். செய்முறை ரொம்ப எளிது. நடுத்தர அளவில் ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரிய காரின் ராட்சச இன்ஜினைத் தூக்கி வையுங்கள். விலையை, புதிதாக வேலைக்குப் போன பையன் கடன் வாங்கியாவது எட்டிப் பிடிக்கிற உயரத்தில் வையுங்கள். அவ்வளவுதான்.

1964-ல் போன்டியாக் கம்பெனி இதைத்தான் செய்தது. தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தரக் காரில் இவ்வளவுக்கு மேல் பெரிய இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தது. போன்டியாக் ஆட்கள் புத்திசாலிகள். தனி மாடலாகச் செய்தால்தானே தப்பு? ‘வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்’ என்று 6.4 லிட்டர் இன்ஜினை ஒரு கூடுதல் சமாச்சாரமாகக் கொடுத்தார்கள். 325 குதிரைத்திறன். பெயர் ஜி.டி.ஓ. அதே வருஷம் ஏப்ரலில் போர்டு மஸ்டாங் வந்தது. அடுத்த சில வருஷங்கள் அங்கே ஒரே குதிரைப் பந்தயம்தான். 1966-ல் கிரைஸ்லரின் ‘ஹெமி’ இன்ஜின் ஏழு லிட்டர், 425 குதிரைத்திறன் என்று வந்து நின்றது. அதோடு மூச்சு வாங்கியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின. 1970-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கின. பெட்ரோல் பங்க்குகளில் கியூ நின்றபோது, லிட்டர் லிட்டராகக் குடிக்கிற கார் யாருக்கு வேண்டும்? ஏறக்குறைய பத்தே வருஷம். ஆடி அடங்கிவிட்டது.

அந்தப் பத்து வருஷத்துக்கு இன்று என்ன விலை தெரியுமா? 1968-ல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங், 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. கமிஷனெல்லாம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அன்றைய கணக்கில் 26 கோடி ரூபாய்க்கு மேல். அதை வைத்திருந்த குடும்பம் 1974-ல் 6,000 டாலருக்கு வாங்கியிருக்கிறது. அந்த வீட்டு அம்மா ஒரு பள்ளி ஆசிரியை. தினமும் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறார்!

இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும். ஏலத்துக்கு வந்தபோது அந்தக் காருக்கு யாரும் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. கீறல், துரு, ஒடுக்கு எல்லாம் அப்படியப்படியே இருந்தன. அத்தனைக்கும் சேர்த்துத்தான் 26 கோடி.

•

அந்த ரகக் கார்கள் நம் ஊருக்கு ஏன் வரவில்லை என்றால், நாம் வரவிடவில்லை. சுதந்திரத்துக்கு முன்னாலும் பிறகு கொஞ்ச காலமும் அமெரிக்கக் கார்கள் சென்னையில் சகஜம். போர்டு கம்பெனி 1926-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஐம்பதுகளில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்ததும் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு இம்பாலா போன்ற பெரிய கார்கள் தூதரகக்காரர்கள் கொண்டு வந்து, பிறகு அரசு நிறுவனம் ஏலம் விட்டு, சினிமாக்காரர்களும் பணக்காரர்களும் எடுத்தால்தான் உண்டு. மற்றவர்களுக்கு அது ‘கப்பல் கார்’. தெருவில் போனால் நின்று பார்க்க வேண்டும்; வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். ஏக்கம் என்பது அப்படித்தான் வளர்கிறது.

இந்த ஏக்கத்துக்கு நடுவில்தான் 1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவைக் கொண்டு வந்தது. இத்தாலியில் ‘கான்டெஸா’ என்றால் பிரபுவின் மனைவி. நம் பாஷையில் சீமாட்டி.

சீமாட்டியின் ஜாதகம் சுவாரஸ்யமானது. பிறந்த வீடு இங்கிலாந்து. வாக்ஸால் கம்பெனி 1972-ல் கொண்டு வந்து, 1978-ல் நிறுத்திவிட்ட மாடல். அந்த வாக்ஸாலுக்கு அப்போது முதலாளி அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ். நீண்ட மூக்கு, நீண்ட டிக்கி, அகலமான தோள் என்று பார்த்த மாத்திரத்தில் ஒரு அமெரிக்கச் சாயல் அடிப்பதற்கு அதுதான் காரணம். புகுந்த வீடு மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா. அங்கே வந்ததும் சீமாட்டிக்குப் பொருத்திய இதயம் எது? நம்ம அம்பாஸடரின் 1.5 லிட்டர் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன்!

கேட்க வேண்டாம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள உடம்பு, ஐம்பது குதிரை. அமெரிக்காவில் சின்ன உடம்பில் பெரிய இன்ஜின் வைத்தார்கள் என்றால், இங்கே பெரிய உடம்பில் சின்ன இன்ஜின். செய்முறையைத் தலைகீழாகப் படித்துவிட்டார்கள். இதற்குத்தான் இன்று ‘இந்தியாவின் மஸில் கார்’ என்று பட்டம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. ‘கான்டெஸா கிளாசிக்’. அதன் திறன் 80-ஐத் தாண்டியது. அந்தக் காலத்தில் அது உண்மையிலேயே பெரிய விஷயம். மந்திரிகள், கம்பெனி டைரக்டர்கள், சினிமாவில் வில்லன்கள் எல்லாம் ஏறிக்கொண்டார்கள். ஆனால், இன்று 1.2 லிட்டர் சின்னக் கார்களே அந்த 80-ஐத் தொட்டுவிட்டன. 2002-ல் கான்டெஸா உற்பத்தி நின்றது. 2022-ல் அந்தப் பெயரையும் இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கார் போய், பெயர் தனியாக விலை போயிற்று.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒன்றை இறக்கியது. அதுவும் அப்படியே. உடம்பு ரோவர் கம்பெனியின் அழகான உடம்பு. உள்ளே பழைய காலத்து இரண்டு லிட்டர் இன்ஜின். அதிக காலம் தாக்குப்பிடிக்கவில்லை. அழகான சட்டையைத் தைத்துவிட்டு உள்ளே இருக்கிற ஆளை மறந்துவிடுவது அந்தக் காலத்து நம் கார்த் தொழிலின் பொது வியாதி.

•

சினிமாவுக்கு மார்க் போடுகிற மாதிரி கான்டெஸா கிளாசிக்குக்கு நான் போடுவதாக இருந்தால் இப்படிப் போடுவேன்.

முகவெட்டு, 20-க்கு 17. இதில் சந்தேகமே இல்லை. இன்ஜின் 13. சாய்ந்து உட்காரும் சுகம் 16. பழைய சோபா மாதிரி ஆளை உள்ளே வாங்கிக்கொள்ளும். டவுன் நெரிசலில் ஓட்டுவதற்கு 6. பவர் ஸ்டீயரிங் இல்லாத மாடலை பார்க்கிங்கில் திருப்பிப் பாருங்கள், ஜிம்முக்குப் போக வேண்டாம். பாகங்கள் கிடைப்பதற்கு 4. ஆக மொத்தம் நூற்றுக்கு 56. பார்க்கலாம் ரகம். காவியம் இல்லை.

“அப்புறம் ஏன் சார் இதை வாங்குறாங்க?” என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் என் நண்பரைக் கேட்டேன். பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவே இருக்கிற அந்த ஐந்தாவது காரின் சொந்தக்காரர். 1991 மாடல். ஓசூரில் சாஃப்ட்வேர் வேலை. அவர் சொன்ன பதில்: “எங்கப்பா கவர்மென்ட் ஆபீஸ்ல கிளார்க். அவரோட ஆபீசர் வந்து இறங்குற வண்டி இது. நாங்க தள்ளி நின்னு பார்ப்போம். கதவைத் திறந்து உள்ள உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு முப்பது வருஷம் யோசிச்சிருக்கேன்.”

இந்தப் பதிலுக்கு மார்க் போட எனக்குத் தகுதி இல்லை. ஒரு பொருளை நாம் வாங்கும்போது பாதி நேரம் வாங்குவது அந்தப் பொருளையே அல்ல. தள்ளி நின்ற அந்த இடத்தைத்தான் விலைக்கு வாங்குகிறோம். அதில் தப்பே இல்லை. அப்பாவையும் அழைத்துப் போய் முன் சீட்டில் உட்கார வைத்தாராம். அப்பா பின் சீட்டுக்கு மாறிக்கொண்டாராம். “ஆபீசர் பின்னாலதாண்டா உட்காருவார்.”

உங்களுக்கும் இப்படி ஒரு ஆசை இருந்தால், நண்பர் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். கதவு, மட்கார்டு, டிக்கியின் கீழ்ப்பக்கம் எல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே தகரம் இல்லை, பட்டி போட்டு மெழுகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காலடி மேட்டைத் தூக்கிப் பாருங்கள். துரு இருப்பது அங்கேதான். ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். கண்ணாடிகளும், ரப்பர் பீடிங்கும், முன் கிரில்லும் முழுசாக இருந்தால் இன்ஜின் சுமாராக இருந்தாலும் வாங்கலாம். இன்ஜினை லேத் பட்டறையில் சரி பண்ணிவிடலாம். உடைந்த கண்ணாடிக்குப் புதுப்பேட்டை முழுக்க அலைய வேண்டும்.

பழைய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கவும் செலவு உண்டு. 15 வருஷம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 2025-ல் வந்த திருத்தத்தின்படி 20 வருஷம் தாண்டினால் 10,000. ‘பாரம்பரிய வாகனம்’ என்று தனிப் பதிவு வாங்க வேண்டுமானால், 2021 விதிகளின்படி வண்டிக்கு 50 வயது ஆக வேண்டும். முதல் கான்டெஸாவுக்கு அது 2034-ல்தான். அந்தப் பதிவு வாங்கிவிட்டாலோ கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போக முடியாது. கிழவியும் இல்லை, குமரியும் இல்லை என்கிற அவஸ்தையில் இருக்கிறாள் நம் சீமாட்டி.

•

டீ குடித்து முடித்து மலை இறங்கினோம். வளைந்து வளைந்து போகும் பாதை. நடுநடுவே யானை கடக்கும் இடம் என்று போர்டு. எங்கள் குழுவில் கார் இல்லாமல் வந்தவர்கள் இருவர். ஒருவன் நான். இன்னொருவர், கிருஷ்ணகிரியில் பட்டறை வைத்திருக்கும் பாய். வயது அறுபத்தெட்டு. ஐந்து வண்டிகளும் ஓடுவது அவர் கைவண்ணத்தில். அவர் பின் சீட்டிலிருந்தே, “செகண்ட் கியர்லயே விடுங்க. பிரேக்கை மிதிச்சிட்டே இறங்காதீங்க, சூடாயிரும்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். சங்கீத சபாவில் முதல் வரிசையில் உட்காரும் பெரியவர்கள் மாதிரி.

கீழே காவிரி. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. புகையும் கல். ஒகேனக்கல் என்ற பெயரே அப்படி வந்ததுதான். விழுந்த தண்ணீர் பாறையில் பட்டுப் புகையாக எழும்புகிறது. தண்ணீர் அளவாக வந்ததால் அன்று பரிசலுக்கு அனுமதி இருந்தது. பிலிகுண்டுலுவில் கன அடி ஏறினால் உடனே தடை போட்டுவிடுவார்கள். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், வறுத்த மீன் எல்லாம் ஆயிற்று. பிறகு பரிசலில் ஏறினோம்.

சுற்றிப் பாறைச் சுவர்கள். நண்பர்கள் பேசியது முழுக்கக் கார். ஒருவர் வண்டிக்கு அலாய் வீல் மாட்டியிருக்கிறார். இன்னொருவர் பானட்டில் இரண்டு வெள்ளைப் பட்டை அடிக்கப் போகிறார், மஸ்டாங்கில் இருக்கிற மாதிரியே. பல் டாக்டர் முன் கிரில்லைக் கழற்றிவிட்டு வேறு ஒன்று போட்டாகிவிட்டது. அடுத்தது சைலன்ஸர்; சத்தம் அமெரிக்கக் கார் மாதிரி வர வேண்டும்.

பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். “வண்டி எத்தனை வருசம் சார்?”

“முப்பது தாண்டிடுச்சு.”

“பரவால்லையே! இது அவ்வளவெல்லாம் தாங்காது சார். மூங்கில் இத்துப் போவும். அடியில ஷீட்டை மாத்தித் தாரு பூசணும். கிழிஞ்சா நானே கட்டிக்குவேன். எங்கப்பா மாட்டுத்தோல்ல கட்டுனாரு.”

பிறகு சும்மா இருக்க முடியாமல், “உங்க வண்டி நின்னா நீங்களே பாத்துக்குவீங்களா?” என்றார்.

ஐந்து சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் பாயைப் பார்த்தார்கள். பாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

•

திரும்பும்போது பாதி மலை ஏறியதும் டாக்டர் வண்டியின் டெம்பரேச்சர் முள் சிவப்பில் போய் நின்றது. பானட்டிலிருந்து புகை. (ஒகேனக்கல் என்று பெயர் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை.) குற்றம் காருடையது இல்லை. ரேடியேட்டருக்குப் போகிற ஓஸ் பைப் பழசு, நுனியில் விரிந்துவிட்டது. மூன்று மாசமாக மாற்றச் சொல்லி பாய் சொல்லிக்கொண்டிருந்தாராம். கிரில்லுக்குச் செலவானதில் ஓஸ் பைப் தள்ளிப் போயிருக்கிறது.

பாய் அவசரப்படவில்லை. “மூடியைத் திறக்காதீங்க, மூஞ்சில அடிக்கும்” என்று அரை மணி நேரம் ஆற விட்டார். பிறகு கிளாம்ப்பைத் தளர்த்தி, பைப்பைக் கழற்றி, விரிந்த நுனியை இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தியால் வெட்டி எறிந்தார். மிச்சத்தை இழுத்து மாட்டி இறுக்கினார். தண்ணீர் ஊற்றினார். வண்டி கிளம்பியது.

“எப்பவும் இப்படி நடக்காது” என்றார் என்னிடம். “பெட்ரோல் பைப்பு இன்னும் மோசம் சார். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க. அந்தக் காலத்து ரப்பர் அதுக்குத் தாங்காது. எல்லா பைப்பையும் மாத்துங்கன்னு சொல்லுறேன். யார் கேக்குறாங்க? உள்ள இருக்கிறது வெளிய தெரியாதில்ல?”

பட்டறையில் பையன்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். மகன் ஓசூரில் ஒரு ஷோரூமில் கம்ப்யூட்டரை மாட்டி வண்டியைச் சோதிக்கிறானாம். கார்புரேட்டர் என்றால் என்னவென்று அவனுக்குப் படத்தில்தான் தெரியும். கார்களில் அது போய் வெகு காலமாகிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு டூ வீலர்களிலும் ஏறக்குறைய போயே போய்விட்டது. “நான் கண்ணை மூடிட்டா இந்த அஞ்சு வண்டியும் பொம்மை சார்” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் டைம் சொல்வது மாதிரி சொன்னார்.

இங்கேதான் எனக்கு நம் கிளாசிக் கார் ரசிகர்கள் மேல் கோபம். ஆசை மேல் இல்லை. ஆசை வைக்கத் தெரியாததன் மேல். அலாய் வீலுக்கு ஐம்பதாயிரம் யோசிக்காமல் போகிறது. பாய் இரண்டு நாள் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தால், “மூவாயிரமா? ரெண்டாயிரம் வெச்சுக்குங்க பாய்” என்று பேரம். பெயின்ட் அடித்தவன் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். ஓட வைத்தவர் பின் சீட்டில்.

கான்டெஸாவை மஸ்டாங்காக்க முயல்கிறவர்களுக்கு இன்னொன்று. அந்தப் பச்சை மஸ்டாங்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதற்கு 26 கோடி கொடுத்தவர் வாங்கியது பளபளப்பை அல்ல. நடந்தது நடந்தபடி அதன் உடம்பில் எழுதியிருந்தது, அதை வாங்கினார். சினிமாவில் துரத்தியது, டீச்சரம்மா பள்ளிக்கூடம் போனது எல்லாம் அந்தக் கீறல்களில் இருந்தது. நம் கான்டெஸாவின் உடம்பிலும் ஒன்று எழுதியிருக்கிறது. வெளிநாட்டுக் காருக்குக் கதவு சாத்தியிருந்த ஒரு தேசம், இங்கிலாந்து கழித்துக் கட்டிய அச்சில், அம்பாஸடர் இன்ஜினை வைத்து, சீமாட்டி என்று பெயர் சூட்டிக்கொண்ட கதை. கொஞ்சம் பரிதாபம், கொஞ்சம் சிரிப்பு, நிறைய வைராக்கியம். அது நம்முடைய கதை. மேலே வெள்ளைப் பட்டை அடித்தால் அந்தக் கதை அழிந்துவிடும். ஊரார் கதையும் வந்து ஒட்டாது.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரிலான அறக்கட்டளை 2015-ல் ஒரு கார் மியூசியம் திறந்தது. நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள். அழகாக வைத்திருக்கிறார்கள். ஆனால், எல்லாக் காரையும் மியூசியம் காப்பாற்ற முடியாது. அங்கே இருக்கிற காருக்குத் தினமும் மலையேற வேண்டிய அவசியமும் இல்லை. ரோட்டில் ஓடுகிற பழைய காரைக் காப்பாற்றுவது ஒரு மெக்கானிக்கின் கை. அந்தக் கைக்கு வாரிசு இல்லையென்றால், நீங்கள் வாங்கியது கார் இல்லை. ஷெட்டில் நிற்கும் இரும்பு. கடைசியில் காயலான் கடைக்குத்தான் போகும்.

கிளாசிக் கார் நண்பர்கள் குழு எதிலாவது நீங்கள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். அடுத்த அலாய் வீலை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு பையனுக்கு மாசச் சம்பளம் கொடுத்து, உங்கள் ஊர் பாயிடம் விடுங்கள். அவர் கார்புரேட்டரைப் பிரிக்கும்போது செல்போனில் படம் பிடித்து வையுங்கள். எந்த ஸ்க்ரூ எத்தனை சுற்று என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். இதற்கு ஆகும் செலவு, ஒரு கிரில் விலைகூட இருக்காது.

•

அதே டீக்கடையில் திரும்பவும் நிறுத்தினோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். காலையில் பார்த்த பையன், அந்த டிரைவர் தாத்தாவின் பேரன், இன்னும் அங்கேயே இருந்தான். பக்கத்து ஊர்தானாம். பி.காம். இரண்டாவது வருஷம். கேட்காமலே ஒரு குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தான்.

பாய் பானட்டைத் தூக்கினார். பையன் எட்டிப் பார்த்தான். “தாத்தா சொல்லுவாரு, இதுல பேன் பெல்ட் அறுந்தா வேட்டியைக் கிழிச்சுக் கட்டி ஓட்டுவேன்னு. நெசமா பாய்?”

“உங்க தாத்தா சொன்னா நெசமாத்தான் இருக்கும்” என்றார் பாய். பிறகு அவன் கையைப் பார்த்தார். செல்போன் இருந்தது.

“அதை பாக்கெட்ல வை” என்று சொல்லிவிட்டு ஸ்பானரை நீட்டினார். “இந்தக் கிளாம்ப்பை இன்னும் அரைச் சுத்து இறுக்கு. ரொம்ப இறுக்குனா பைப் கிழிஞ்சிரும். எங்க நிறுத்தணும்னு உன் கைக்கே தெரியும்.”

பையன் குனிந்தான். டாக்டர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இந்தத் தடவை அவர் செல்போனை எடுத்தார். காரைப் படம் எடுக்கவில்லை. பையன் கையை எடுத்தார்.